மேண்டில் என்றால் என்ன, அண்ணாச்சி?

என் சகலைக்கு ஓர் ஆங்கிலச் சொல்லின் பொருளை வேண்டுமென்றே தவறாகச் சொன்னேன். தெரியாமல் அல்ல. நன்றாகத் தெரிந்து, யோசித்து, குரலில் சிறு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னேன். அந்த ஒரு சொல்லால் அவர் கைக்கு வந்திருந்த பெரிய வேலை போயிற்று. கேட்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். எனக்கே பாதி நேரம் சிரிப்பு வருகிறது. மீதி நேரம் நான் அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

சகலை என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். தூத்துக்குடிக்காரர். ஷார்ஜாவுக்கு ஏசி மெக்கானிக்காக வந்தவர், தெரிந்தவர்கள் வீட்டுப் பிறந்தநாளுக்குப் பலூன் வளைவு கட்டிக் கொடுத்துக் கொடுத்து, கடைசியில் வேலையை விட்டுவிட்டு அலங்காரத்தையே தொழிலாக்கிக்கொண்டார். நான் துபாயில் ஒரு கட்டுமான நிறுவனத்தின் ஒப்பந்தப் பிரிவில் இருந்தேன். பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு வந்து, ‘மேற்படி பொருள் தொடர்பாக’ என்று ஆரம்பித்து எதிராளியின் வயிற்றைக் கலக்கும் கடிதங்களை எழுதுவதே என் பிழைப்பு.

சகலைக்கு வாடிக்கையாளர்களிடமிருந்து வரும் செய்திகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். புரியாத சொல் வந்தால் எனக்குத்தான் போன் போடுவார். “அண்ணாச்சி, ஒரு வார்த்தை” என்றுதான் பேச்சைத் தொடங்குவார். ஒரு முறை ஒரு கல்யாணக்காரர் ‘ரஸ்டிக்’ தோற்றம் வேண்டும் என்று கேட்டிருந்தார். “துருப்பிடிச்ச மாதிரி வேணுங்காவளா அண்ணாச்சி? பெயிண்டு வாங்கிட்டேன்” என்றார். அது நாட்டுப்புறத் தோற்றம் என்று விளக்கி அந்த மணமேடையைத் துருவிலிருந்து காப்பாற்றியவன் நான். அந்த போன்கள் எனக்குப் பிடிக்கும். அலுவலகத்தில் என் ஆங்கிலத்துக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. சகலை ஒவ்வொரு முறையும் சொல்வார்.

அப்படிப்பட்டவர் மேல் எனக்கு ஏன் வன்மம் வந்தது என்றால், காரணம் வெந்தயம்.

அல் குசைஸில் எங்கள் வீட்டில் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் குடில் கட்டுவது என் பொறுப்பு. செருப்பு அலமாரியின் மேல் பழுப்புக் காகிதத்தைக் கசக்கி மலை எழுப்புவேன். பஞ்சைப் பிய்த்துப் பனியாக்குவேன். ஊரில் குடிலுக்குப் புல் வளர்க்கக் கம்பு விதைப்போம். அந்த வருடம் கம்பு கைக்கு அகப்படவில்லை என்று சமையலறை டப்பாவிலிருந்து வெந்தயத்தை எடுத்துத் தூவினேன். துபாயின் டிசம்பர் வெந்தயத்துக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. பண்டிகைக்கு முந்தின நாள் பார்த்தால், மரியாளுக்கு இடுப்பு வரை கீரை, மேய்ப்பர்களுக்குக் கழுத்து வரை. ஒட்டகத்தின் தலை மட்டும் மேலே தெரிந்தது. பாலன் இயேசுவைக் காணவே இல்லை.

சபையார் வீடு நிறைய உட்கார்ந்திருந்த நேரத்தில் சகலை வந்தார். குடிலின் முன் குனிந்தார்.

“என்ன அண்ணாச்சி, பாலன் இன்னும் பொறக்கலையா?”

“உள்ளதான் இருக்கு. நல்லாப் பாரு.”

விரலால் கீரையை விலக்கிப் பார்த்தார். “ஏ, இங்கல்லா கெடக்காவ! பிள்ளையக் கொல்ல ஏரோது ராசா ஆளனுப்பித் தேடுனாலும் அம்புடாது. அண்ணாச்சி வெவரமாத்தான் ஒளிச்சு வச்சிருக்காவ. பண்டிகை முடியட்டும், ஒரு கட்டு அறுத்துப் பருப்புல போட்டுக் கடைஞ்சிருவோம்.”

போதகர் சிரித்தார். போதகரே சிரித்ததால் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடுத்த வருசம் நீங்களே வந்து ஜோடிச்சுத் தந்துருங்க” என்று அவரிடம் சொன்னாள். சகலையின் கேலியை நான் மறந்திருப்பேன். அந்தக் கடைசி வாக்கியத்தை வருடம் முழுக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த கிறிஸ்துமஸ் நெருங்கும்போது போன் வந்தது.

“அண்ணாச்சி, ஒரு வார்த்தை.”

“சொல்லு தம்பி.”

“பெரிய எடம் ஒண்ணு அமைஞ்சிருக்கு. ஸ்காட்லாந்து மேடம். ‘ஃபயர்பிளேஸ் மேண்டில்’ அலங்காரம் பண்ணணுமாம், பழைய காலத்து மாதிரி இருக்கணுமாம். நல்லா அமைஞ்சா அந்தக் காம்பவுண்டு வில்லா பூராவுக்கும் சொல்லிவிடுதேன்னு எழுதியிருக்காவ. மேண்டில்னா என்ன அண்ணாச்சி? நம்ம ஊரு காஸ்லைட்டுல கட்டுவாவளே, வெள்ளையா, அதா?”

காஸ்லைட்டை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கிப் போவார்கள். பம்ப் அடித்தால் ‘உஸ்’ என்று சீறி எரியும். அதன் கண்ணாடிக்குள் சின்னதாக ஒரு துணி வலைப்பை கட்டியிருக்கும். அதற்குப் பெயர் மேண்டில். சகலையின் மேடம் கேட்டதோ வேறு. குளிர் நாட்டு வீடுகளில் கூடத்துச் சுவரில் தீ மூட்டுகிற கணப்பு இருக்கும். அந்தக் கணப்பின் தலைக்கு மேல் நீளமாக ஒரு பலகை. கிறிஸ்துமஸ் வந்தால் அதில் பச்சைத் தழை சுற்றி, மெழுகுவத்தி வைத்து, விளிம்பில் காலுறைகளைத் தொங்கவிடுவார்கள். அந்தப் பலகைதான் மேண்டில். நான் பரீட்சைக்குப் படித்த கதைகளில் பாதி அந்தப் பலகைக்குக் கீழேதான் நடந்தன.

“எழுத்துக் கூட்டிச் சொல்லு” என்றேன், யோசிக்க நேரம் வேண்டி. சொன்னார். அதே எழுத்துகளை விளக்கு வலைக்கும் பலகைக்கும் எழுதுவதுண்டு.

“அதேதான் தம்பி. தீ எரியற இடம்னா மேண்டில் இல்லாம எப்படி? பழைய காலத்து மாதிரின்னு வேற சொல்லியிருக்காங்களே.”

“நானும் அதத்தான் நெனச்சேன். போன்ல தேடுனேன், காஸ்லைட்டு மேண்டில் படமும் வருது, ராசா போடுற அங்கி மாதிரி என்னமோவும் வருது. என்ன இருந்தாலும் ஒங்க வாயால கேட்டாத்தான் நிம்மதி. நன்றி அண்ணாச்சி.”

அதற்குப் பிறகு அவர் ஷார்ஜாவிலும் துபாயின் தேராக் கடைத்தெருவிலும் காஸ்லைட் தேடி அலைந்தார். பாலைவனத்தில் கூடாரம் அடிப்பவர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் விளக்குகள் கிடைத்தன. மேண்டில்கள் தேராவில் ஒரு காயல்பட்டினத்து வியாபாரியின் கடையில், மேல்தட்டில், பெட்டியோடு இருந்தன. “எங்க வாப்பா வாங்கிப்போட்ட சரக்கு, தூசி தட்டி எடுத்துட்டுப் போங்க” என்று அந்த மனிதர் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டாராம். சகலை ஒவ்வொன்றையும் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். ஒவ்வொரு படத்தையும் பார்க்கும்போது உண்மையைச் சொல்லிவிட நினைத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கட்டைவிரல் படத்தைப் பதிலாக அனுப்பினேன். அந்தக் கட்டைவிரலை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

வில்லாவில் நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன். சாமான்களைப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கிருந்து நேராக என் வீட்டுக்குத்தான் வந்தார். என் மனைவி கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னார்.

“அந்த வீட்ல தீயே பொய் அண்ணாச்சி. பொகபோக்கி கெடையாது. உள்ள செவப்பு பல்பு, செவப்புத் துணி, கீழ ஃபேன். அந்தத் தீய ரசிக்கதுக்காக ஏசியக் கொறச்சு வச்சு வெடவெடன்னு உக்காந்திருக்காவ. சரி, நமக்கென்னன்னு, மேடம் வெளிய போயிருந்த நேரத்துல மேல இருந்த பலகையில காஸ்லைட்ட வரிசையா அடுக்குனேன். பச்சை மாலை சுத்தி, அதுல மேண்டில எல்லாம் நூல்ல கோத்துத் தொங்க விட்டேன். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. மேடம் வந்தாவ. பாத்தாவ. ‘எலிக்குட்டிக்குக் காலுறையா?’ன்னு கேட்டாவ. ‘மேண்டில், மேடம். ஃபுல் மேண்டில்’னேன்.”

“அப்புறம்?” என்றாள் என் மனைவி.

“அவ்வொ சிரிச்சாவ. பிள்ளையளும் சிரிச்சு ஒவ்வொண்ணா எடுத்து வெரல்ல தொப்பி மாதிரி மாட்டிக்கிட்டுதுவ. அது வரைக்கும் ஒண்ணுமில்ல. அப்பத்தான் வீட்டுக்காரரு பெட்டியோட உள்ள வாராரு. கத்தார்ல, ராஸ் லஃபான்ல, கேஸ் கம்பெனி சேஃப்டி ஆபீசராம். லீவுல வந்திருக்காரு. மேண்டில் பெட்டியப் பாத்தாரு. போனப் பாத்தாரு. ‘எல்லாரும் வெளியே!’ன்னு ஒரு சத்தம்.”

“ஏன்?”

“பழைய மேண்டில்ல லேசா ரேடியேஷன் இருக்குமாம் மதினி. ஒண்ணும் செய்யாதாம். ஒண்ணும் செய்யாதுன்னு சொல்லிக்கிட்டே பிள்ளையள், மேடம், சமையல்காரம்மா, பூனை, என்னையும் சேத்துப் புல்லுல நிறுத்திட்டாரு. அவரு மட்டும் கையுறை போட்டுக்கிட்டு, கறி சுடுத இடுக்கியால ஒவ்வொரு மேண்டிலா எடுத்து ஐஸ்கிரீம் டப்பாவுல போட்டு மூடுனாரு. அக்கம்பக்கத்து வில்லாக்காரங்க பூராவும் வேலியில நின்னு பாக்காவ. எல்லாம் நான் ஆர்டர் எடுக்க இருந்த வீடு! கேட்ல செக்யூரிட்டி என் பாஸைப் புடுங்கிட்டு, ‘கலாஸ், பாய்’னுட்டான், இனிமே உள்ள வராதங்கான்.”

என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள். சகலையும் பார்த்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

“மேண்டில்னா அந்தப் பலகையாம் அண்ணாச்சி! வெறும் பலகை! நமக்கு ரெண்டு பேருக்குமே தெரியாமப் போச்சு பாத்தியளா?”

அந்த ‘நமக்கு’ என்ற சொல்லில் நான் மாட்டிக்கொண்டேன். “அப்படியா!” என்று ஆச்சரியப்பட்டேன். முதல் பொய்யைக் கோபத்தில் சொன்னேன் என்றாவது சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அதுவும் இல்லை.

தண்டனை நான் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. சகலை யாரையும் குற்றம் சொல்லாமல் இந்தக் கதையைச் சபை முழுக்கச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். முடிக்கும்போது, “பாவம், அண்ணாச்சிக்கும் தெரியல” என்று எனக்காகப் பரிந்து பேசினார். அவ்வளவுதான். ஆங்கிலத்தால் பேர் வாங்கிய நான் ஒரு பலகைக்குப் பெயர் தெரியாதவன் ஆனேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஆங்கில வேதபாடம் வாசிப்பது எத்தனையோ வருடமாக நான்தான். “இந்தத் தடவை இளவயதுக்காரர் ஒருத்தர் வாசிக்கட்டுமே” என்றார் போதகர், மிகவும் அன்பாக. சிலர் என்னை ‘மேண்டில் அண்ணாச்சி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

என் ஆங்கிலத்தின் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் என் அயோக்கியத்தனத்தை வெளியே சொல்ல வேண்டும். அயோக்கியத்தனத்தை மறைக்க வேண்டுமென்றால் முட்டாளாக இருக்க வேண்டும். வெட்கத்தோடு சொல்கிறேன், ஒப்புக்கொள்ள என்னை முதலில் தூண்டியது மனசாட்சி அல்ல, அந்த வேதபாடம்தான். மனசாட்சி கொஞ்சம் தாமதமாக வந்தது. சகலை எனக்குப் போன் செய்வதை நிறுத்தியிருந்தார். சொல்லுக்குப் பொருள் வேண்டுமென்றால் இப்போது தன் மகளிடம் கேட்டார். காம்பவுண்டு வேலை போனதால், வாங்கிய வண்டிக்குத் தவணை கட்ட மறுபடியும் ஏசி கழுவப் போகிறார் என்று என் மனைவி சொன்னாள். நிம்மதிக்காக என்னைக் கேட்ட மனிதர் ஏணியில் ஏறி நின்று யார் வீட்டுத் தூசியையோ உறிஞ்சிக்கொண்டிருந்தார். என் போன் மேசை மேல் சும்மா கிடந்தது.

மனைவியிடம் முதலில் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே கேட்டாள். “எனக்கு அன்னைக்கே தெரியும். ‘அப்படியா’ன்னு நீங்க கண்ண விரிச்சப்பவே தெரியும். வெந்தயத்துக்காகத்தானே?” என்றாள். பிறகு, “போய் அவருகிட்டச் சொல்லுங்க” என்றாள்.

ஷார்ஜாவுக்குப் போய்ச் சொன்னேன். சகலை என்னைச் சோபாவில் உட்காரவைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, உடம்பு சரியில்லாதவரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

“அண்ணாச்சி, தெரியாம இருக்கது ஒரு தப்பா? விடுங்க.”

“தெரியும் தம்பி. தெரிஞ்சேதான் சொன்னேன். மேண்டில்ங்கிறது கணப்புக்கு மேல இருக்கிற…”

“இப்பத்தான் எல்லாருக்கும் தெரியுமே!”

“அப்பவே தெரியும்!”

“சரி, அப்பவே தெரியும்.” மைத்துனியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். “ஏட்டி, அண்ணாச்சிக்குச் சீனி கம்மியா ஒரு டீ போடு.”

“அத்தான், ஊர்ல உள்ளவங்க பேசுறத மனசுல வச்சுக்காதீங்க” என்றாள் மைத்துனி. தன் இங்கிலீஷ் பெருமையை விட முடியாமல் வயதானவர் இல்லாத குற்றத்தை ஏற்றுக்கொள்கிறார் என்று இருவரும் தீர்மானித்துவிட்டார்கள். டீ நன்றாக இருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

இனி மேடத்திடம் போவது ஒன்றுதான் மிச்சம். வில்லாவின் வாசலில் நின்று, நான் படித்த ஆங்கிலத்திலேயே மிக எளிய வாக்கியங்களில் சொன்னேன்: அவர் உங்கள் செய்தியைப் புரிந்துகொள்ள முயன்றார், நான் பொய் சொன்னேன், தவறு என்னுடையது. அந்த அம்மாள், “ஏன்?” என்று கேட்டார். வெந்தயத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள், மறுபடி லீவில் வந்திருந்த கணவரைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார்.

அந்தப் பாதுகாப்பு அதிகாரிதான் உலகத்தில் என்னை முழுதாக நம்பிய மூன்றாவது ஆள். அவர் முகம் மலர்ந்தது. எந்த விபத்துக்கும் ஒரு மூல காரணம் உண்டு, இந்த விபத்துக்கு மட்டும் அது கிடைக்காமல் தனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது என்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, மறுபடி நேராமலிருக்க என்ன ஏற்பாடு என்று கேட்டார். வரும் கிறிஸ்துமஸுக்கு அதே மனிதரிடம் வேலையைக் கொடுங்கள், நானே கூட நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றேன். மேடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: தானாக ஒளிரும் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது.

ஆர்டர் கிடைத்த அன்றே சகலை என் வீட்டுக்கு ஓடி வந்தார். கண் கலங்கியிருந்தது. மேடம் அவரிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார்.

“எனக்காகப் போய் அவ்வொகிட்ட பழிய ஒங்க தலையில போட்டுக்கிட்டியளே அண்ணாச்சி! வேணும்னே சொன்னேன்னு பொய் சொல்லி! கூடப்பொறந்தவன்கூடச் செய்ய மாட்டான்.”

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சமையலறைக்குள் போய்விட்டாள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு நான் வில்லாவில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சகலை பலகை முழுக்கத் தழை சுற்றினார், பைன் காய்களை அடுக்கினார், காலுறைகளை அளவெடுத்துத் தொங்கவிட்டார். என்னைத் தன் வேலையாட்களிடம், “அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் முன்னப்பின்ன இருக்கும், மனசு தங்கம்” என்று அறிமுகப்படுத்தினார். அக்கம்பக்கத்து வில்லாக்காரர்களில் சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் இன்னும் வரவில்லை. ஏசி கழுவும் வேலையை அவர் முழுதாக விடுவதற்கு இன்னொரு வருடம் ஆனது. வேதபாடம் எனக்குத் திரும்பி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

போன வருடம், எதிர்பாராமல் போன் அடித்தது.

“அண்ணாச்சி, ஒரு வார்த்தை.”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “சொல்லு தம்பி.”

“மேடம் வீட்லதான் இருக்கேன். மேண்டில் முடிஞ்சுது. ‘மிசில்டோ’ன்னு ஒரு டப்பா குடுத்துட்டு மாடிக்குப் போயிட்டாவ. தழை மாதிரி இருக்கு. இத என்ன செய்யணும்?”

“அது ஒரு செடி தம்பி. நம்ம ஊர் புல்லுருவி மாதிரி மரத்துமேல ஒட்டி வளரும். வாசல்படிக்கு மேல கொத்தாத் தொங்க விடணும்.”

“எதுக்கு?”

“அதுக்குக் கீழ ரெண்டு பேரு சேர்ந்து நிக்க நேர்ந்தா, முத்தம் கொடுத்துக்கணும்.”

மறுமுனையில் சகலை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அண்ணாச்சி, தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

“சத்தியமா தம்பி! அவங்க வழக்கம் அது!”

“இருங்க, இன்னொரு போன்ல பிள்ளையக் கேக்கேன்.” சற்று நேரம் கழித்து வந்தார். “அதுவும் அதையேதான் சொல்லுது. ஒங்ககிட்டக் கேட்டுத்தான் படிச்சிருக்கும். சரி, மேடம் எறங்கி வாராவ. வாசல்ல நின்னு இதத் தூக்கிக் காட்டி அவ்வொகிட்டயே கேட்டுருதேன்.”

“வேண்டாம்!” என்று கத்திவிட்டேன். செருப்பை ஒரு காலில் மாட்டிக்கொண்டே மனைவியிடம் டாக்சிக்குச் சொல்லும்படி கைகாட்டினேன். “நான் வந்துட்டேன் தம்பி. நான் வர்ற வரைக்கும் அதைக் கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு எங்கயும் நிக்காத. டப்பாவுல வச்சு மூடு.”

“இதுலயும் ரேடியேஷனா?”

“அதைவிட மோசம். மூடு.”

டப்பா மூடும் சத்தம் கேட்டது.

“மூடிட்டேன் அண்ணாச்சி,” என்றார் சகலை. “நீங்க சொன்னாச் சரி.”